ப்ராக்ஸி வாசலில் ஒரே பெயர்

அத்தியாயம் 7

கண்ணாடிக் கதவை இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளுகிறவர் எப்படித் துப்பறிவார் என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான். நிதானம் அந்தக் கதவைக் கையால் தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்தும் தள்ளிப் பார்த்தார். உள்ளே இருந்த வரவேற்புப் பெண் ‘இழுங்க’ என்று சைகை காட்டினாள். அவர் அதை ‘வாங்க வாங்க’ என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளினார்.

“மாமா, கதவு ஒரு தப்பும் பண்ணலை. விட்டுருங்க,” என்று வாயாடி ஒற்றை விரலால் இழுத்துத் திறந்தாள்.

நிதானம் என்பது தெரு வைத்த பெயர். எதையும் யோசித்துச் செய்கிறவர் என்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பியிருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் திருடன் பேரன் பேத்தி எடுத்துவிடுவான் என்பதால் வந்தது என்பது தெருவின் கட்சி. வாயாடி அவருடைய அக்கா மகள். கணினி படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி மாமாவிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். வேறு வேலை கிடைத்தது, போகவில்லை. ஏன் என்று கேட்டால், “அங்கே சிரிக்கிறதுக்கு டிக்கெட் வாங்கணும்” என்பாள்.

மென்பொருள் கம்பெனி. ஒரே ஒரு மாடி, வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு திரை, திரைக்கு ஒரு கூன் விழுந்த முதுகு. அவர்களைக் கூட்ட அறைக்கு அழைத்துப்போனவர் அங்கே கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரி. அவருக்கு மாடி வைத்த பெயர் பூட்டு. விட்டால் தண்ணீர்க் குழாய்க்கும் பாஸ்வேர்ட் வைத்துவிடுவார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

“முதலாளியம்மா வெளியூர்ல இருக்காங்க. வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு பிடிவாதம். அதான் உங்களைக் கூப்பிட்டேன்,” என்றார் பூட்டு. பிறகு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்: “மத்த துப்பறியும் ஆளுங்க யாருக்கும் இன்னிக்கு நேரமில்லை.”

“எங்களுக்கு எப்பவும் நேரம் இருக்கும் சார். அதுதான் எங்க சிறப்பு,” என்றாள் வாயாடி.

அறையின் மூலையில் நரைத்த தலையோடு ஒருவர் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் நிரல் எழுதுகிறவர். அந்த மாடியில் அவரைவிடச் சின்னவர்களே அதிகம் என்பதால் எல்லோருக்கும் அவர் பெரியண்ணா. படுக்கையில் விழுந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு, பல வருடம் வீட்டோடு கிடந்தவர். தம்பி போனபின், மறந்த தொழிலைப் பள்ளிப் பிள்ளை மாதிரி மறுபடி கற்றுக்கொண்டு, ஏறாத படியெல்லாம் ஏறினார். கடைசியில் இந்த ஒரு கதவுதான் அவருக்குத் திறந்தது. இன்று மாலை அதுவும் சாத்திக்கொள்ளப்போகிறது.

“இவர்தான் குற்றவாளி,” என்றார் பூட்டு, நாற்காலியை அறிமுகப்படுத்துவதுபோல.

“குற்றம் என்ன?” என்றார் நிதானம்.

“எங்க ஆபீஸ்லருந்து இணையத்துக்குப் போகணும்னா ஒரே வாசல்தான். ப்ராக்ஸின்னு பேரு. நடுவுல உக்காந்திருக்கிற ஒரு மெஷின். பேரும் பாஸ்வேர்டும் சொன்னாத்தான் விடும். அந்த வாசல்ல இவர் பேரைச் சொல்லி ஓயாம போக்குவரத்து நடக்குது. ஒரே நேரத்துல பத்துப் பதினைஞ்சு மெஷின்லருந்து! இவர் லீவுல இருந்தப்பவும் நின்னபாடில்லை. அந்த மெஷின்காரங்களை எல்லாம் விசாரிச்சேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. ஆக, இவர் தன் பாஸ்வேர்டை வெளியாளுக்கு வித்துட்டார். அந்த வெளியாள் எங்க மெஷின்களுக்குள்ள புகுந்து உக்காந்திருக்கான். சாயங்காலம் இவரைத் ‘தகவல் கசிவு’ன்னு காரணம் போட்டு அனுப்பறோம்.”

அந்தக் காரணத்தோடு வெளியே போகிறவரை இந்தத் தொழிலில் வேறு யாரும் வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். மடியில் கைவைத்திருந்தவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று அவரிடம் கேட்டார் நிதானம்.

“நான் எதையும் விக்கலை சார். வெளிய எதையும் அனுப்பலை.” பெரியண்ணா தரையைப் பார்த்தார். “அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

ஒரு வார்த்தை பேசினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறவன் ஒன்று தேர்ந்த திருடனாக இருக்க வேண்டும். அல்லது தான் நனைந்துகொண்டு யாருக்கோ குடை பிடிக்கிறவனாக இருக்க வேண்டும். இவர் எந்த வகை என்று நிதானம் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வேறு வேலை பார்க்கலாம் என்பதால், வாயாடி மாமாவின் மடிக்கணினியைத் திறந்தாள்.

போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு இணையத்திலிருந்து ஒரு கருவி இறக்க வேண்டியிருந்தது. கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் அந்தக் கறுப்பு ஜன்னலில் அவள் எதை அடித்தாலும் சிவப்பில் ‘407’ என்று பதில் வந்தது.

“வாசல்காரன் ‘நீ யார்’னு கேக்கறான் மாமா. இது ஒரு தொல்லை. பிரௌசர்கிட்ட ஒரு தடவை பேர் சொன்னாப் போதும், ஞாபகம் வெச்சுக்கும். கறுப்பு ஜன்னல்ல ஓடுற கருவிங்க அப்படி இல்லை. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காதுல ஓதணும். ஒண்ணுகிட்ட சொன்னது இன்னொண்ணுக்குக் கேக்காது.”

“நம்ம குடும்பம் மாதிரி,” என்றார் நிதானம்.

அவள் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்து வந்தாள். கறுப்பு ஜன்னலில் இறக்கம் ஆரம்பித்து மெல்ல ஊர்ந்தது.

“எப்படி?”

“கதவோர மேசைப் பொண்ணு ஏதோ ஃபைல் குடுத்தா. போட்டேன். ஓடுது.”

“என்ன ஃபைல்?”

“ஓடுற ஃபைல். ஓடுறதைக் கேள்வி கேக்கக் கூடாது மாமா. எங்க தொழிலோட முதல் கட்டளை.”

அந்த இடத்தில் ஒரு நல்ல துப்பறிவாளர் காதைத் தீட்டியிருப்பார். நிதானத்தின் கவனம் அப்போது பூட்டு திறந்து காட்டிய வரைபடத்தில் இருந்தது. பெரியண்ணா பெயரில் நடந்த போக்குவரத்து மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கியது.

“மதியத்துல இது தரையில படுத்துருதே, ஏன்?” என்றார் நிதானம்.

“சாப்பாட்டு நேரம்,” என்றார் பூட்டு.

“யாருக்கு?”

“எல்லாருக்கும்…” பூட்டு நிறுத்தினார்.

“திருடனும் சாப்பிடப் போறான். இங்க பாருங்க, டீ நேரத்துல கூடச் சின்னப் பள்ளம். எங்கயோ இருக்கிற வெளியாளுக்கு உங்க டீ நேரம் எப்படித் தெரியும்?”

வாயாடி மாமாவை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு நல்ல கேள்வியை அவர் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் கேவலமாக இருந்தது.

“டீ எந்திரம்!” என்று எழுந்தார் நிதானம். “அது இணையத்தோட இணைஞ்சதுதானே? ஆளுங்க டீ பிடிக்கும்போது அதுக்குத் திருட நேரமில்லை. மத்த நேரம் சும்மாதான் நிக்குது. சும்மா நிக்கிறவனைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.”

“அப்போ நம்ம ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போடணும் மாமா.”

அவர் கேட்கவில்லை. எந்திரத்தின் முன்னால் குனிந்தார், பின்னால் எட்டிப் பார்த்தார், சந்தேகத்துக்குரிய ஒரு பொத்தானை அழுத்தினார். எந்திரம் தன் வாக்குமூலத்தைச் சூடாக அவர் சட்டையில் ஊற்றியது. அதன் வயிற்றில் சர்க்கரையும் பால்பொடியும் இஞ்சி டீத்தூளும் தவிர வேறு ரகசியம் எதுவும் இல்லை.

சட்டையைப் பிழிந்துகொண்டு அவர் திரும்பியபோது, வாயாடி வரைபடத்தில் மூழ்கியிருந்தாள்.

“மாமா, வேடிக்கையைப் பாருங்க. இந்தத் திருடன் எதையும் எடுத்துட்டுப் போகலை. எல்லாம் உள்ள வர்ற சரக்குதான். நிரல் எழுதத் தேவையான கருவிகள், மத்தவங்க எழுதி வெச்ச நிரல் நூலகங்கள், புதுப்பிப்புகள். வீட்டுக்குள்ள புகுந்து பாத்திரம் வெச்சுட்டுப் போற திருடன்!”

“உள்ள வந்தா மட்டும் சரியா?” என்றார் பூட்டு. ஆனால் குரலில் காலையில் இருந்த இரும்பு இல்லை.

நிதானம் பெரியண்ணாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டையிலிருந்து இஞ்சி வாசம் வந்தது. பெரியண்ணா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தன் பிழைப்பு சாயங்காலத்தோடு முடியப்போகிற மனிதர், அடுத்தவர் சட்டைக் கறைக்காகக் கைக்குட்டை நீட்டுகிறார்! நிதானத்துக்குக் கண்டுபிடிப்பில் வராத தெளிவு அந்தக் கைக்குட்டையில் வந்தது. ஆண்டவன் சிலரை இப்படிப் படைத்து, அவர்களுக்கு எதிராகச் சாட்சியங்களையும் படைத்துவிடுகிறான்.

“சார்,” என்று பூட்டைக் கூப்பிட்டார். “இவர் கை இப்ப மடியில இருக்கு. கணினியும் பக்கத்துல இல்லை. இந்த நிமிஷம் இவர் பேர்ல வாசல்ல யாராவது போறாங்களா?”

பூட்டு நேரடித் திரையைத் திறந்தார். “போறாங்க. நிறைய. அதுல ஒருத்தன் இப்பத்தான் புதுசா வந்தவன், பெரிய சரக்கா இறக்கிட்டிருக்கான்.”

“விடாதீங்க! அவன்தான் தலைவன்!” நிதானம் மேசையைத் தட்டினார். “எந்த இடம்?”

பூட்டு விரல்களை ஓட்டினார். புருவம் ஏறியது. இன்னொருமுறை பார்த்தார். “இந்த மாடிதான்… இந்தப் பக்கம்தான்…” எழுந்து கதவைச் சாத்தினார். “இந்த அறை.”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிதானம் தன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கணம் அது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “குற்றவாளி நம்ம கூடத்தான் இருக்கான்,” என்றார், குரலைத் தாழ்த்தி. “எந்த மெஷின் சார்?”

பூட்டு மெதுவாக விரலை நீட்டினார். விரல் மேசையைக் கடந்து, தண்ணீர்ச் சொம்பைக் கடந்து, நிதானத்தின் மடிக்கணினியில் போய் நின்றது. கறுப்பு ஜன்னலில் வாயாடியின் இறக்கம் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது.

“தலைவர் நீங்கதானா?” என்றார் பூட்டு. “ரெண்டு பேரும் கூட்டா?”

நிதானம் பின்னால் கட்டிய கைகளைப் பிரித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி கட்டிக்கொண்டார். துப்பறியும் தொழிலில் குற்றவாளியைத் தேடிப் பிடித்தவர்கள் உண்டு, தப்ப விட்டவர்கள் உண்டு. தானே போய்க் குற்றவாளியாகி, தன்னைத் தானே மேசை தட்டிக் காட்டிக்கொடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வாயாடிதான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அந்த ஃபைல்!”

புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட கோப்பு அது. அந்த மாதிரிக் கோப்புகள் சாதாரணமாகக் கண்ணில் படாது. அவள் அதைத் திறந்தாள். கருவி ஒவ்வொன்றுக்கும் ப்ராக்ஸி வாசலின் முகவரியை யாரோ அழகாக, பொறுமையாக எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் வாசல்காரனிடம் சொல்ல வேண்டிய பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. பெயர், பெரியண்ணாவின் பெயர்.

“கதவோரப் பொண்ணுதான் திருடியா?” என்றார் பூட்டு.

“அவளுக்கு யார் குடுத்தாங்களோ! அவங்களுக்கு யாரோ!” என்றாள் வாயாடி. “நானும் தெரியாமத்தானே போட்டேன்?”

பெரியண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிதானம் அதைப் பார்த்தார். அன்றைய தினத்தில் அவர் சரியாகப் பார்த்த மூன்றாவது விஷயம் அது. அவருடைய கணக்கில் அது ஒரு சாதனை.

“சார், வாசல்ல இவர் கணக்கை ஏன் இன்னும் மூடாம வெச்சிருக்கீங்க?”

“மூடினாத் திருடன் உஷாராயிடுவானே. கையும் களவுமா பிடிக்கணும்.”

“இப்ப மூடுங்க.”

“இப்பவா?”

“இப்பவே. மூடிட்டுக் கதவைத் திறந்து வைங்க. திருடன் தானா நடந்து வருவான்.”

“வேண்டாம் சார்!” பெரியண்ணா எழுந்தே விட்டார். காலையிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். “சாயங்காலம் நான் போனதுக்கப்புறம் மூடிக்குங்க. இப்ப வேண்டாம்.”

அதைக் கேட்டதும் பூட்டு ஒரே அடியில் மூடினார்.

வாயாடியின் ஜன்னலில் இறக்கம் பட்டென்று நின்றது. சிவப்பில் 407. “முதல் பலி நாம மாமா,” என்றாள்.

நிதானம் அறைக் கதவைத் திறந்து வைத்தார். பிறகு தூரத்தில் ஒரு குரல், “ஐயோ, நானூத்தி ஏழு!” பக்கத்து வரிசையில் இன்னொன்று, “எனக்கும்!” “டேய், உனக்கு வருதா?” “இல்லைடா, செத்துப்போச்சு!” கூன் விழுந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நாற்காலிகள் பின்னால் உருண்டன. எல்லாத் தலைகளும் முதலில் பெரியண்ணாவின் காலி நாற்காலியைப் பார்த்தன. பிறகு கூட்ட அறையைப் பார்த்தன. மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்தி, கைக்குழந்தையை டாக்டரிடம் தூக்கி வருவதுபோல, ஒருவர் பின் ஒருவராக வந்து வாசலில் நின்றார்கள்.

“பெரியண்ணா, என்னோடது ஓடலை.”

“அண்ணா, ஒரு நிமிஷம் பாருங்களேன், இன்னிக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்.”

கதவோரப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “அண்ணா, நீங்க எழுதின ஃபைல்தான். நான் ஒண்ணும் மாத்தலை, சத்தியமா.”

பூட்டு கூட்டத்தைப் பார்த்தார். தான் தேடிய கொள்ளைக் கூட்டம் மொத்தமும் உதவி கேட்டு வரிசையில் நின்றது. அந்த நேரம் பார்த்து அவருடைய சொந்தக் கணினியே ஒரு மணி அடித்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இறங்கவில்லை. 407.

“உங்களோடதுமா சார்?” என்றாள் வாயாடி, மிகுந்த மரியாதையோடு.

“என் உதவியாளன்தான் இதைச் செட் பண்ணினான்…” பூட்டு நாற்காலியில் சாய்ந்தார். “என் அறையை நான் சோதிக்கவே இல்லை.”

“யார் சார் தன் அறையைச் சோதிப்பாங்க?” என்றார் நிதானம். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். சற்று முன்னால்தான் அவருக்கே அந்த அனுபவம் ஆகியிருந்தது.

பெரியண்ணாவிடமிருந்து கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டியிருந்தது. சேர்ந்த புதிதில் எல்லாக் கருவிக்கும் ப்ராக்ஸியைப் புரியவைக்க அவர் ஒரு கோப்பு எழுதினார். பக்கத்து மேசைக்காரர் கேட்டார், கொடுத்தார். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டார், ஓடவில்லை. பழையபடி பெரியண்ணா பெயரை வைத்தார், ஓடியது. ஓடுவதை யாரும் தொடவில்லை. அங்கிருந்து கோப்பு மேசை மேசையாக நடந்து போயிற்று.

“அவங்க பேர் ஏன் ஓடலை?” என்றார் பூட்டு.

வாயாடி சுவரைக் காட்டினாள். பாஸ்வேர்டில் ஒரு குறியீடு கட்டாயம் என்று பூட்டே ஒட்டிய அறிவிப்பு. உதாரணமாக அதில் ‘@’ போட்டிருந்தது. “மாடி முழுக்க உங்க உதாரணத்தையே எடுத்துக்கிட்டிருக்கணும் சார். ஃபைலோட வரியில பாஸ்வேர்ட் முடிஞ்சு வாசல் முகவரி ஆரம்பிக்கிற இடத்துக்கும் அதே குறிதான். உள்ளயே ஒண்ணு இருந்தா, கருவி பாதி பாஸ்வேர்டை முகவரின்னு நினைச்சுத் தெரு மாறிப் போயிரும். அண்ணா ஒருத்தர்தான் வேற குறி போட்டிருக்கார்.”

“இதெல்லாம் உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?” என்று பெரியண்ணாவைக் கேட்டார் பூட்டு.

“போன வாரம் ஒருத்தருக்கு உதவி பண்ணப் போனப்பப் பாத்தேன் சார். என் பேர் இருந்துச்சு. அடுத்தவர் பாஸ்வேர்டுல போனா வேலை போயிரும்னு உங்க விதி. அதுல சில பேர் இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்காங்க. இப்பத்தான் வாழ்க்கையை ஆரம்பிக்கிற பசங்க.” அவர் கைகளைப் பிசைந்தார். “நான் வீட்டுல உக்காந்து பழகினவன்.”

அறை வாசலில் நின்ற வரிசை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவோரப் பெண் மடிக்கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். “சார், என்னை அனுப்புங்க. அண்ணாவை வேண்டாம்,” என்றாள். பின்னாலிருந்து “என்னையும்” என்றது ஒரு குரல். இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

பூட்டுக்கு அவருடைய விதி மனப்பாடம். அதன்படி பார்த்தால் சாயங்காலத்துக்குள் மாடியைக் காலி செய்து, கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு அவரும் போக வேண்டும். அவர் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார். கசிவு இல்லை, யாரும் போகத் தேவையில்லை, தப்பு தன் அறிவிப்பில் ஆரம்பித்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது, தப்பான இடத்தில் மேசை தட்டியவர்களுக்குத்தான் தெரியும். நிதானம் அவரை மனதுக்குள் வணங்கினார்.

பெரியண்ணா அப்போதே வேலையைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு கணினியாக மேசையில் வைத்து, பெயரை மாற்றி, பாஸ்வேர்டில் ‘@’ வரும் இடத்தில், கருவி தெரு மாறாமல் அதை ‘@’ என்றே புரிந்துகொள்ளும்படி, சதவீதக் குறியும் நாற்பதும் போடச் சொன்னார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். “நான் பாக்கலை, அடிங்க,” என்றார் ஒவ்வொரு தடவையும். பூட்டும் தன் கணினியோடு வரிசையில் நின்று, முறை வந்தபோதுதான் வந்தார்.

கடைசியில் நிதானத்தின் மடிக்கணினி.

“உங்க பேர் என்ன போடறது சார்?”

“எனக்கு இங்க கணக்கே இல்லையே,” என்றார் நிதானம்.

“அப்போ,” என்று இழுத்தார் பூட்டு, “இன்னிக்கு எங்க வாசல்ல புகுந்த ஒரே வெளியாள்…”

“மாமா, கடைசியில கேஸ்ல நிஜமான குற்றவாளியே மாட்டிட்டான்,” என்றாள் வாயாடி. “அதுவும் சட்டையில டீயோட.”

மாடி சிரித்தது. பெரியண்ணா சிரிக்கவில்லை. அவர் நிதானத்தின் நனைந்த சட்டையைப் பார்த்தார், பாதியில் நின்ற இறக்கத்தைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

“பாவம், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சார், இவருக்கு மட்டும் இன்னிக்கு ஒரு நாள் என் பேர்லயே…”

“வேண்டாம்!” என்று மாடியே கத்தியது.